மயிலின் கண்ணில் ஒற்றைக் கம்மல்

எங்கள் வீட்டில் எது உடைந்தாலும் குப்பைக்குப் போகாது, சார். வளையல் துண்டு, சாசர் சில்லு, சட்டைப் பொத்தான், ஓடாத வாட்சின் முள், அறுந்த கவரிங் சங்கிலி எல்லாவற்றையும் என் மனைவி சசிகலா கழுவிக் காயவைத்து நிறம் நிறமாகக் காலி பாட்டில்களில் போட்டு வைப்பாள். பிறகு பிளைவுட் பலகையில் படம் வரைந்து, பசை தடவி, ஒவ்வொன்றாகப் பதிப்பாள். தள்ளி நின்று பார்த்தால் மயில் நிற்கும். கிட்டே போனால் வெறும் உடைசல்.

எனக்கு அது பிடிக்காமல் இல்லை. ஒரகடம் கூட்டு ரோட்டில் சுப்பராயன் வைத்திருக்கும் பிரஸ் ஷாப்பில் நான் சீனியர் ஆபரேட்டர். தகட்டில் ஓட்டை போடும்போது கீழே உதிரும் வட்டத் துண்டுகளை ஆரம்பத்தில் நானே டிபன் பையில் அள்ளிக்கொண்டு வந்து கொடுத்தேன். அவற்றை மீனுக்குச் செதிலாக ஒட்டினாள். நன்றாகத்தான் இருந்தது.

அதோடு நின்றிருக்கலாம். எங்கள் ஊர் பென்னலூரில் யார் வீட்டில் ஜிமிக்கி ஜோடி தவறினாலும் மிச்சம் எங்கள் வாசலுக்கு வந்தது. போன வருஷம், தொண்ணூறில், ஸ்ரீபெரும்புதூரில் கல்யாண மண்டபம் கட்டிய எல்லப்பன், முகப்புச் சுவருக்கு ஆள் உயரத்தில் ஒரு மயில் கேட்டார். கூடம் முழுக்கப் பலகை. நான் அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒருநாள் காலில் கண்ணாடித் துண்டு ஏறிவிட்டது. ஓடி வந்தாள். துண்டைப் பிடுங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"இந்தக் கலர்தாங்க தேடிக்கினு இருந்தேன்" என்றாள்.

ரத்தத்தை நானே துடைத்துக்கொண்டேன்.

இந்த வருஷம் தைப்பூசத்தன்று மண்டபம் திறந்தார்கள். சசிகலாவுக்குச் சால்வை போர்த்தி, மயில் பக்கத்தில் நிறுத்திப் படம் பிடித்தார்கள். நானும் பக்கத்தில் போய் நின்றேன். போட்டோக்காரன் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்: "அண்ணே, கொஞ்சம் தள்ளிக்கங்க. மயில மறைக்குது."

தள்ளிக்கொண்டேன். அங்கே நின்றபோதுதான் மயிலின் கண்ணைப் பார்த்தேன். அது கல்யாணத்துக்கு நான் எடுத்துக் கொடுத்த கம்மல்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"ஒண்ணு தொலைஞ்சு எவ்ளோ நாளாச்சு. ஒத்தைக் கம்மல வச்சிக்கினு இன்னா பண்றதுங்க? அங்கனாச்சும் நாலு பேர் பாப்பாங்க" என்றாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. மறுநாள் ஷாப்பில் சுப்பராயன், "உன்ன யாருன்னு கேட்டா, மயில் பண்ற அந்தம்மா வூட்டுக்காரர்ன்றாங்க, தணிகாசலம்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்குத் தகடு வைக்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சிரிப்பு என் பல்லுக்கு நடுவிலேயே இருந்தது.

அடுத்த ஆர்டருக்கு இலை மாதிரி பித்தளைத் துண்டுகள் வேண்டும் என்றாள். "ஞாயித்துக்கிழமை வா, ஷாப்புல வெட்டித் தர்றேன்" என்றேன். சாவி என்னிடம் இருந்தது. ஷாப்பில் வேறு யாரும் இல்லை. பழைய தாம்பாளத் தகட்டைப் பிரஸ்ஸுக்கு அடியில் பிடிக்கச் சொன்னேன். இடுக்கியால் பிடிக்க வேண்டும் என்பது சட்டம். இடுக்கி ஆணியில் தொங்கியது.

"கைய வெக்கலாமாங்க?"

"வை. நான் பாத்துக்கறேன்."

பிரஸ்ஸை இயக்கும் கால் பெடல் தானாக இறங்கிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன். சுப்பராயன் பயந்துபோய் ஆஸ்பத்திரிச் செலவை ஏற்றுக்கொண்டார். அவள் வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

அதற்குப் பிறகு நாங்கள் சந்தோஷமாக இருந்தோம் சார், நம்புங்கள். நான் பிசைந்து ஊட்டினேன். தலை வாரி, பின்னிவிட்டேன். ஜாக்கெட் கொக்கிகூட நான்தான் போட்டேன். பலகைகளைப் பரணில் ஏற்றிவிட்டுக் கூடத்தில் பாய் விரித்துச் சாப்பிட்டோம். அவள் அடிக்கடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாசம் என்று நினைத்தேன்.

நேற்று ஷிப்ட் முடிந்து வந்தேன். கூடத்தில் பலகை கிடந்தது. மணிக்கட்டால் அதை அழுத்திக்கொண்டு, இடது கையால் வளையல் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். கோணலாகத்தான் ஒட்டினாள். ஆனாலும் ஒட்டினாள்.

"இன்னாத்துக்கு இது?"

"ஒரு கைதான போச்சு."

நான் சத்தம் போடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அன்பாகத்தான் சொன்னேன்: "உனுக்கு இலைத் துண்டு வேணும்னியே. வர்ற ஞாயித்துக்கிழமை ஷாப்புக்கு வா. வெட்டித் தர்றேன்."

அவள் கையிலிருந்த வளையல் துண்டைப் பாட்டிலில் போட்டாள். பிறகு, "வர்றேங்க" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு, பால் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். உங்கள் ஸ்டேஷனுக்குத்தான் வந்திருக்கிறாள்.

ஆமாம் சார். பெடலை மிதித்தது நான்தான். அவள் கை முழுக்க உள்ளே போகட்டும் என்று காத்திருந்து மிதித்தேன். வர்ற ஞாயிற்றுக்கிழமையும் மிதித்திருப்பேன். அதில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் கொடுமைக்காரப் புருஷன் என்று புகாரில் எழுதியிருக்கிறாளே, அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள். கல்யாணமான நாளிலிருந்து அவளை நான் ஒரு தடவைகூடக் கை நீட்டி அடித்ததில்லை.