தரையில் விழுந்த ஊசி

தலைமை ஏற்றிருக்கும் நெசவாளர் சங்கத் தலைவர் கந்தவேலர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் வெண்ணந்தூர்ப் பெரியோர்களே, தறிக்குழியில் கால் பதித்துத் தரணிக்கு ஆடை தரும் தோழர்களே, பிள்ளைகளை மடியில் கிடத்தி அமர்ந்திருக்கும் தாய்மார்களே, கைலாசத்தின் பணிவான வணக்கம்.

பினாங்கில் சீன வைத்தியரிடம் ஊசி குத்தி வலி தீர்க்கும் வித்தையைக் கற்று வந்தவன் என்று தலைவர் என்னைப் புகழ்ந்தார். முடங்கிய முதுகும் மரத்த தோளும் என் கையால் நிமிர்ந்தன என்றார். சால்வையை மடித்து வையுங்கள், ஐயா. நான் ஒரு சாவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

செல்லமுத்துவை அறியாதவர் இங்கே யார்? இருபது வருடம் தறியில் ஊடை நூல் ஓட்டும் நாடாவை இழுத்து இழுத்து வலத்தோள் செத்துப்போன நெசவாளி. மூன்று முறை குத்தினேன். மூன்று முறையும் ஊசியைக் கொதிநீரில் இட்டு எடுத்துத்தான் குத்தினேன். தலைக்கு மேல் கை தூக்கிக் காட்டிச் சிரித்தார்.

நான்காம் முறை வந்தது பங்குனிச் சந்தை நாள். வண்டி மாடுகள் கட்டிய இடத்தில் கடை விரித்திருந்தேன். முப்பது பேர் காத்திருந்தார்கள். ஊசி கை நழுவிச் சாணித் தரையில் விழுந்தது. அடுப்பு அணைந்திருந்தது. மறுபடி மூட்ட எனக்குப் பொறுமை இல்லை. எடுத்தேன், வேட்டியில் துடைத்தேன், குத்தினேன்.

எட்டாம் நாள் அவருக்கு வாய் பூட்டிக்கொண்டது. சாணி மண்ணின் விஷம் ஏறி, ரண ஜன்னி கண்டு, உடம்பு வில்லாய் வளைந்தது. சேலம் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டினோம். வண்டியில் அவர் மனைவி மாரக்காள் என்னைக் கேட்டார்:

"ஏனுங்க, அன்னைக்கு ஊசியச் சுடுதண்ணியில போட்டீங்களா?"

"போட்டனுங்க" என்றேன். பொய் சொன்னேன். வழியில் மல்லூர் தாண்டுவதற்குள் செல்லமுத்துவுக்கு மூச்சு நின்றுவிட்டது.

அங்கே யாரோ, 'விதிங்க, விடுங்க' என்கிறீர்கள். விதியா? விதியா வேட்டியில் ஊசியைத் துடைத்தது? விதியா வண்டியில் பொய் சொன்னது?

ஊசியில் குற்றமில்லை என்று நான் சொன்னதால் ஊர் வேறு குற்றவாளியைத் தேடியது. பத்தியம் கெடுத்தாள், கருவாடு ஆக்கிப் போட்டுக் கொன்றாள் என்று மாரக்காளைத் தூற்றியது. கிணற்றடியில் குடத்தை ஒதுக்கினீர்கள். கல்யாண வீட்டில் இலையை ஒதுக்கினீர்கள். கேட்டேன், கண்டேன், எட்டு மாதம் வாய் மூடிக் கிடந்தேன்.

இதோ, அந்த அம்மாள் எழுந்து நிற்கிறார். தடுக்காதீர்கள், பேசட்டும்.

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது. அவர் சொன்னதை நானே சொல்கிறேன். "குத்துனதைக் கூட மன்னிச்சுப் போடலாமுங்க. எட்டு மாசமா எம் புள்ளைக என்னை ஒரு மாதிரிப் பாத்துதுங்களே, அதுக்கு என்னங்க பண்ணுவீங்க?"

இந்தக் கேள்வி எனக்கு மட்டுமல்ல, தோழர்களே. குடத்தை ஒதுக்கிய உங்களுக்கும்தான்.

நாளைக் காலை தாசில்தாரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கப் போகிறேன். இனி இந்தக் கை எவர் உடம்பிலும் ஊசி குத்தாது. வேறு எவன் வந்தாலும், எத்தனை பெரிய பெயரோடு வந்தாலும், தண்ணீர் கொதிப்பதைக் கண்ணால் காணாமல் தோளைக் காட்டாதீர்கள். இன்று வீடு திரும்பும் வழியில், மாரக்காள் அம்மாளிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள்.

இவ்வளவையும் பொறுத்துக் கேட்ட சபைக்கு நன்றி. என் தலை தாழ்ந்த வணக்கம்.