முதலாளி வீட்டுப் பாத்தி

ரிங்லெட்டிலிருந்து மலையேறும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். தேயிலைத் தோட்டத்துக்காரர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது. இளையவள் திடீரென்று சொன்னாள்:

“என் தம்பி தப்பான எடத்துல மருந்தடிச்சான்க்கா. அதுலதான் அவன் எவ்ளோ பெரிய மனுஷன்னு தெரிஞ்சிச்சு.”

“எங்கடி அடிச்சான்?”

“கோலா தெர்லா ஊர்ல ஒரு கோஸ் தோட்டத்துல. முதலாளி வீட்டுச் சாப்பாட்டுக்குன்னு ஓரமா ஒரு பாத்தி போட்டிருக்காங்க. அதுக்கு மட்டும் மருந்தே அடிக்கக் கூடாதாம். இவன் புது ஆளு, தெரியாம அதுக்கும் சேத்து அடிச்சிட்டான். முதலாளி ஓடியாந்து அவ்வளவு கோஸையும் புடுங்கிக் குழியில போட்டாராம்.”

“ஏசினாரா?”

“ஏசாம இருப்பாரா? இவன் அசரல. ‘அப்ப லோரில போற கோஸு, பாஸ்?’னு கேட்டிருக்கான். ‘அது கேஎல் டவுனுக்குப் போவுது லா’ன்னாராம்.”

“அடப்பாவி!”

“தம்பி மக கேஎல்லதானேக்கா காலேஜ் படிக்குது. முதுகுல இருந்த மருந்து டாங்கியக் கழட்டி அங்கயே வெச்சிட்டு வந்துட்டான். இப்ப நம்ம தோட்டத்துல தேயிலை வெட்டுறான். சம்பளம் கொறச்சல்தான்.”

மூத்தவள் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“ஞாயித்துக்கிழமை அவன எங்க வீட்டுக்குச் சாப்பிட வரச்சொல்லு. நானே கூப்பிட்டேன்னு சொல்லு.”

வளைவில் பஸ் ஓரமாக ஒதுங்கி நின்றது. கோஸ் ஏற்றிய லோரி ஒன்று எங்களைக் கடந்து கீழே இறங்கியது. அது மறையும்வரை இருவரும் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.