துறைமுக வாசலில் அரை மணி நேரம்

குளிர்காலத்தில் கார் ஓட்டுவது எனக்குப் பிடிக்கும், அக்கா. வியர்க்காது, எஞ்சினும் சூடாகாது. உங்கள் தம்பியும் நானும் அந்தக் கடற்கரை நகரத்துக்குக் கிளம்பிய அன்றும் நல்ல பனி. நீங்கள் வாசலில் நின்று, "ரெண்டு பேரும் காதை மூடிக்கங்கடா" என்றீர்கள். நான் மூடிக்கொண்டேன். அவன் மூடவில்லை. முடி கலைந்துவிடுமாம். ஐம்பத்தொரு வயதில் முடியைப் பற்றிக் கவலைப்படுகிறவனை நீங்கள் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு பெண்மணி அவனுடைய மூக்குக் கண்ணாடிக் கடைக்கு வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். உறவினர் வீட்டுக்கு வந்த இடத்தில் தன் கண்ணாடி மேல் தானே உட்கார்ந்துவிட்டார். புதுக் கண்ணாடியை அவன் தபாலில் அனுப்பினான். சரியாக இருக்கிறதா என்று போனில் கேட்டான். இருக்கிறது என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். எட்டு மாதம் பேசினார்கள். என் மருந்துக்கடைக்கும் அவன் கடைக்கும் நடுவே வெறும் பலகைத் தடுப்பு. அவன் சிரிப்பது அப்படியே கேட்கும். பதினான்கு வருடத்தில் என் ஜோக்குகளுக்கு அவன் அப்படிச் சிரித்ததில்லை.

ஒருநாள் மதியம் என் சாப்பாட்டு டப்பாவில் கைவிட்டபடியே சொன்னான்: "டேய், கடையை அவங்க ஊருக்கே மாத்திடலாம்னு பாக்குறேன். அவங்களுக்கும் சம்மதம்தான். நேர்ல ஒரு தடவை பேசிடணும். நீயும் வாடா, தனியாப் போனா உளறிடுவேன்."

"வராம எங்க போறேன்" என்றேன்.

பாதி வழியில் தும்ம ஆரம்பித்தான். மருந்துக்கடைக்காரன் பையில் ஜலதோஷ மாத்திரை இருப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. அதை வீட்டிலேயே பொடித்து எடுத்துவந்தது வேண்டுமானால் கொஞ்சம் அதிசயம். ஒன்று போதும். தேநீரில் மூன்று போட்டேன். மருந்து விஷயத்தில் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை.

துறைமுகம் வந்தபோது வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். என் கோட்டைப் போர்த்திவிட்டேன். காற்று வர ஜன்னலை இரண்டு விரல் அளவு இறக்கிவிட்டேன். என்னைக் கொடுமைக்காரன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

காரைத் தள்ளியே நிறுத்திவிட்டு நான் மட்டும் வாசலில் போய் நின்றேன். பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியதும் அந்தப் பெண்மணி வெளியே வந்தார். சாப்பாட்டு இடைவேளை அரை மணி நேரம். தலையில் மஞ்சள் ஹெல்மெட், கையில் இரண்டு பொட்டலம். கடைக்கு வந்தபோதே என்னைப் பார்த்திருந்ததால் நேராக என்னிடம் வந்தார்.

"அவர் வரலையா?"

அவன் மனசு மாறிவிட்டது என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். "வரலைங்க" என்றேன்.

"பரவால்ல. நாளைக்கு லீவு போட்டுட்டு நானே வந்து என்னன்னு கேட்டுக்கறேன்."

கப்பல் சரக்கையே தூக்குகிறவர், அக்கா. சொன்னால் செய்வார். நேரில் பார்க்கும்வரை போனில் பேசுவதில்லை என்று இருவரும் ஒரு வாரமாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஓர் ஒப்பந்தம் வைத்திருந்தார்கள். அது எனக்கு வசதியாகப் போயிற்று.

"அவர் தவறிட்டாருங்க. நாலு நாளாச்சு. மாரடைப்பு" என்றேன்.

அவர் அங்கேயே சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். பொட்டலங்களை மடியில் வைத்துக்கொண்டு, "கடைசியா ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டார். எனக்கு இளகிய மனசு. "உங்க பேரைத்தான் சொன்னாரு" என்றேன்.

அவன் கண்விழித்தபோது கார் பாதி தூரம் திரும்பி வந்திருந்தது. "எத்தனையோ தடவை எழுப்பிப் பாத்தேன்டா. அவங்க புருஷனோட வந்திருந்தாங்க" என்றேன். அவன் போனை எடுத்து அவர் நம்பரை அழித்தான். நான் அழிக்கச் சொல்லவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

அவர் உங்களுக்கு இரங்கல் கடிதம் எழுதுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கண்ணாடிப் பார்சலின் மேல் அந்த முட்டாள் வீட்டு முகவரியை எழுதியிருக்கிறான். தம்பி அடுத்த அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போது, அவன் மறைவுக்கு ஆறுதல் சொல்லும் கடிதத்தைப் பிரித்துப் படிப்பது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது புரிகிறது.

"நீயே அவன்கிட்ட சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்கிறீர்கள். நீங்களே சொல்லுங்கள். எனக்கு அவன் முகத்தைப் பார்த்துப் பொய்தான் சொல்ல வரும்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள். அன்று அந்தப் பெண்மணி மிச்ச நேரம் முழுவதும் அழுதார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன். நடிப்பில்லை. அவன் இல்லாமல் போவது எப்படி இருக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும். அதிலிருந்து இரண்டு பேரில் ஒருவராவது தப்பிக்க வேண்டாமா, அக்கா?