மாப்பிள்ளை பாங்காக்கில், வலை எங்கள் கையில்

காலையிலிருந்து மாலை வரை நின்றும் முகம் வாடாமல், இந்த வரவேற்புக்குத் தலைமை ஏற்று வீற்றிருக்கும் கோட்டைக்குப்பத்து ஊர்த் தலைவர் தேவதாஸ் அவர்களே! மாதா கோயிலில் இந்த இரண்டு கைகளையும் இணைத்து வைத்த பங்குத்தந்தை அவர்களே! பசியாவரத்திலிருந்து படகேறி, பட்டுப்புடவை நனையாமல் பக்குவமாக வந்திறங்கியிருக்கும் பெண் வீட்டுப் பெரியோர்களே! பழவேற்காடு பஜாரிலிருந்து பிரியாணி அண்டாவோடு வந்து, பந்தலையே மணக்கவைத்த பரீதா அக்கா அவர்களே! வலை இழுத்து இழுத்துக் காய்த்துப்போன கைகளோடு வந்திருக்கும் அண்ணன்மார்களே, தம்பிமார்களே! எல்லோருக்கும் மேலாக, விடியுமுன் எழுந்து, கூடை சுமந்து, குரல் கொடுத்து, குடும்பத்தைக் கரை சேர்க்கும் என் தாய்மார்களே! உங்கள் அத்தனை பேருக்கும், மணமகன் பெலிக்ஸின் அண்ணி, ஜான்சன் மனைவி ஜெசிந்தாவின் அன்பு வணக்கம்!

என்னை ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டியில் கப் வாங்கியவள் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டு ஐந்து நிமிடம் என்றால், அது யார் தப்பு?

மணமக்களை வாழ்த்தத்தான் வந்திருக்கிறேன். ஆனால் மாப்பிள்ளையைப் பற்றிய ஒரு உண்மையை மறைத்துவிட்டு வாழ்த்தினால் என் வாய் வலிக்கும். அந்த உண்மையின் பெயர் பாங்காக்!

யாரது விசில் அடிக்கிறது? ஜோயலா? உட்காருப்பா, உன் கதையும் வருது.

அன்பார்ந்தவர்களே! கல்யாணத்துக்கு முன்னால் நம் ஊரில் மாப்பிள்ளைக்கு என்ன செய்வோம்? நலங்கு வைப்போம், விருந்து வைப்போம், அதிகம் போனால் நாலு பட்டாசு வைப்போம். ஆனால் பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கும் நம் பரீதா அக்கா மகன் சாதிக் ஒரு புதுச் சமாச்சாரத்தைக் கொண்டுவந்தான்.

"மச்சான், உனக்குப் பேச்சிலர் பார்ட்டி வெக்கறோம்."

"இன்னாடா அது?"

"கல்யாணத்துக்கு முன்னாடி கூட்டாளிங்க மட்டும் வெளிநாடு போயி ஜாலியா இருந்துட்டு வர்றது. பாங்காக் போறோம்!"

இந்த ரகசிய மாநாடு எங்கே நடந்தது? வலை பின்னும் கூடத்தில். நான் எங்கே இருந்தேன்? அதே கூடத்துக்குப் பின்னால், மீன் பிரித்துக்கொண்டு. கடல் இரைச்சலில் கத்திக் கத்திப் பழகிய பிள்ளைகள் ரகசியம் பேசினால் அது ஏரியின் அக்கரைக்கே கேட்கும், எனக்குக் கேட்காதா?

சனி, ஞாயிறு போகலாம் என்று முடிவு செய்தார்கள். உடனே பெலிக்ஸோடு படகில் போகும் ஜோயல், "ஞாயித்துக்கெழம பூசைக்குப் போலனா எங்க நைனா ஊட்டுக்குள்ள உடமாட்டாரு"ன்னான். அப்படியானால் வெள்ளி, சனி. "வெள்ளிக்கெழம எனக்கு ஜும்மா"ன்னான் சாதிக். வெள்ளி போயிற்று, ஞாயிறு போயிற்று, மிஞ்சியது சனிக்கிழமை மட்டும். காலையில் போய் மாலையில் திரும்ப பாங்காக் என்ன பொன்னேரியா? கடைசியில் சாதிக் செல்போனைத் தடவித் தடவித் தேடி, "அந்த ஊர்ல மசூதியும் கீது, சர்ச்சும் கீது"ன்னு கண்டுபிடித்தான். கூத்தடிக்க ஊர் தேடிய பிள்ளைகள், முதலில் தொழுகைக்கும் பூசைக்கும் இடம் தேடினார்கள் ஐயா! இதற்குப் பெருமைப்படுவதா, சிரிப்பதா? நான் இரண்டையும் செய்தேன்.

நம் ஏரி நண்டை உயிரோடு கொண்டுபோனால் பாங்காக் ஓட்டலில் சமைத்துத் தருவார்களா என்று கேட்டான் ஜோயல். "பிளேன்ல அது யார் மடியில ஏறும்?"னு பின்னாலிருந்து நான் கேட்டேன். அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது, மாநாட்டில் ஒரு மகளிர் அணி உண்டென்று!

சென்னையிலிருந்து வந்திருக்கும் விருந்தினர்களுக்காக இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஏரியில் இறால் நன்றாக விழும் இடத்தில் ஊரே ஒன்றாக வலை போட முடியாது. அடித்துக்கொள்ளாமல் இருக்க, இன்றைக்கு இந்தப் படகு, நாளைக்கு அந்தப் படகு என்று முறை வைத்திருக்கிறோம். அந்த முறைக்குப் பாடு என்று பேர். ஒவ்வொரு தலைக்கட்டுக்கும், அதாவது ஒவ்வொரு குடும்பத்துக்கும், அந்த வரிசையில் ஒரு பேர் உண்டு. நம் முறை வந்த நாளில் நாம் வலை போடாவிட்டால், அடுத்தவர் இறக்கிவிடுவார்.

பிள்ளைகள் அதையும் கணக்குப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை விடிகாலை எங்கள் வீட்டுப் பாடு; அதை முடித்து, ஜும்மாவையும் முடித்து, அன்றிரவே விமானம். கச்சிதமான திட்டம்! டிக்கெட்டும் போட்டாயிற்று. ஆனால் அந்த வாரம் நம் மிக்கேல் பெரியவர் காலமானார். ஊரில் ஒரு சாவு என்றால் அடக்கம் முடியும்வரை எந்தப் படகும் இறங்காது; இது நம் மரியாதை. ஒரு நாள் தொழில் நின்றது. எல்லோர் முறையும் ஒரு நாள் தள்ளியது. எங்கள் பாடு எங்கே வந்து விழுந்தது? சனிக்கிழமை! பெலிக்ஸும், ஜோயலும், படகில் கூட வரும் மற்ற இரண்டு பேரும் பாங்காக்கில் இருக்க வேண்டிய அதே சனிக்கிழமை! டிக்கெட்டை மாற்ற முடியுமா என்று கேட்டான் சாதிக். முடியவே முடியாது என்றார்களாம். கோட்டைக்குப்பத்தில் ஒரு பெரியவர் போய்ச் சேர்ந்தது விமானக் கம்பெனிக்குத் தெரியுமா?

இந்த இடத்தில் சிரிப்பைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கிறேன்.

என் கணவர் ஜான்சன் காய்ச்சலில் கண் மூடியபோது என் மகள் பெனிட்டா தவழ்ந்துகொண்டிருந்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்காக வரிசையில் நின்றது அவர் தம்பி பெலிக்ஸின் பேர். கல்யாணம் ஆனால் அவன் தனித் தலைக்கட்டு. அவன் பேர் அவனோடு போய்விடும். அப்புறம் என் வீட்டுக்கு? ஆண் இல்லாத வீட்டுக்குப் பாடு கிடையாது என்பது வழக்கம். ஏரிக்கரையில் பிறந்து, ஏரிக்கரையில் வாழ்ந்து, ஏரியில் எனக்கும் என் மகளுக்கும் ஒரு கை தண்ணீர்கூடச் சொந்தமில்லை என்றால் அது எப்படி இருக்கும்? எனக்குப் பயமாக இருந்தது. கல்யாண வேலைக்கு நடுவே அந்தப் பயத்தை யாரிடமும் சொல்லவில்லை.

நான் சொல்லாமலே பெலிக்ஸுக்குத் தெரிந்திருக்கிறது. "அண்ணி, நான் போகல. இந்தப் பாடு போச்சுனா, ஜான்சன் ஊட்ல வல போட ஆளில்லனு சுலபமா பேரை எடுத்துடுவாங்க"ன்னான்.

"நீ போ. வலைய நான் போடறேன்."

"நீங்களா?"

"ஏன், கிழிஞ்ச வலைய தைக்கறது யாரு? படகைத் தள்ளறது யாரு? மீன பிரிக்கறது யாரு? போடறது மட்டும் இன்னா, ராக்கெட் உடறதா?"

நேராகத் தலைவர் வீட்டுக்குப் போனேன். தலைவரே, கோபப்படாதீர்கள், நடந்ததைத்தான் சொல்கிறேன்.

"பொம்பள வல போடக்கூடாதுனு ஊர்ல எப்பனா முடிவு பண்ணிக்கீறீங்களா?"

தலையைச் சொறிந்தார். "முடிவுலாம் பண்ணலம்மா. இதுவரைக்கும் யாரும் கேக்கல."

"இப்ப நான் கேக்கறேன்."

"போடாதனு சொல்ல எனக்கு வாய் வரல. போடுனு சொல்லவும் வரல"ன்னார். அது போதும் எனக்கு!

சேதி பசியாவரம் போயிற்று. இதோ, இப்போது தலை குனிந்து சிரிக்கிறாளே மணமகள் ஜெஸ்ஸி, அன்றைக்கு இந்தத் தலை குனியவில்லை. போன் போட்டாள். "அக்கா, பார்ட்டி அவுங்களுக்கு மட்டுந்தானா? நானும் வரேன்." கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை ஊரை மிதிக்கக் கூடாது என்று அவள் அம்மா தடுத்தார். அதற்கு அவள் சொன்ன பதிலைக் கேளுங்கள்: "ஊர எங்கம்மா மிதிக்கறேன்? தண்ணியிலதான இருக்கப்போறேன்!"

தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்! பெண் எடுத்தால் இப்படி எடுக்க வேண்டும்!

சனிக்கிழமை விடிகாலை. ஜெஸ்ஸி, பக்கத்து வீட்டு ஜமுனா, அவள் நாத்தனார் செவ்வந்தி, நான். முதல் முறை வலை சுற்றினோம். வலையைத் தாங்க நட்ட கம்பு சேற்றில் சாய்ந்து, வலை சுருண்டுகொண்டது. கரையில் சிரித்தார்கள். சிரித்தவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். இப்போது முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அதே நேரம் பாங்காக்கில் என்ன நடந்தது? மின்னும் கடைகள், மிதக்கும் சந்தை, ஆட்டம், பாட்டம், அத்தனையும் வாசலில் காத்திருக்க, நம் வீரர்கள் ஓட்டல் கட்டிலில் ஒரே செல்போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எங்களை வீடியோ காலில் பார்த்தபடி! "அண்ணி, சோத்தாங்கை பக்கம் தளர்ந்துபோச்சு!" "ஜெஸ்ஸி, எறங்காத, சேறு!" இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கம்பை நட்டுக்கொண்டே ஜெஸ்ஸி கத்தினாள்: "நீ போயி பார்ட்டி பண்ணுயா!" தொந்தரவு தாங்காமல் ஜமுனா போனைப் படகில் மல்லாக்கப் போட்டாள். வெளிநாடு போய் நம் ஊர் வானத்தைப் பார்த்தவர்கள் உலகத்திலேயே இவர்கள்தான்!

இரண்டாம் முறை சுற்றினோம். கம்பு நின்றது. வலை நின்றது. இழுத்தோம், கை எரிய இழுத்தோம், தோள் நோக இழுத்தோம். துள்ளியது பாருங்கள் வெள்ளை இறால்! போனைத் தூக்கி அதைக் காட்டினேன். அவர்கள் போட்ட கூச்சலில் என்னவோ ஏதோ என்று ஓட்டல்காரர்கள் ஓடிவந்து கதவைத் தட்டினார்களாம். நான் படகிலேயே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன்.

அவர்கள் திரும்பி வந்ததும் ஊர்க்கூட்டம் கூடியது. இனி என் வீட்டுப் பாட்டுக்கு வரிசையில் என் பேரையே சேர்க்க வேண்டும் என்று கேட்டேன். "ஒரு ஊட்டுக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாப் பொம்பளையும் கேப்பாங்க"ன்னு ஒரு குரல். கேட்கட்டுமே!

அப்போது பெலிக்ஸ் எழுந்தான். செல்போனை எடுத்து, மறுநாள் படம் பிடித்து வந்த மிதக்கும் சந்தையைக் காட்டினான். "பாருங்க, இங்க துடுப்பு போடறது பூரா பொம்பளைங்க. எவனும் சிரிக்கல. எங்க அண்ணிக்குப் பேர் இல்லனா எனக்கும் வேணாம். கல்யாணம் ஆனாலும் நான் தனியா பேர் கேக்கமாட்டேன்."

அன்பானவர்களே! பாங்காக் போன பிள்ளைகள் சட்டை வாங்கி வருவார்கள், சென்ட் பாட்டில் வாங்கி வருவார்கள். என் கொழுந்தன் எனக்கு என்ன வாங்கி வந்தான் பார்த்தீர்களா?

தலைவர் மெல்ல ஆரம்பித்தார். "சனிக்கெழம பாடு யாருது?" ஜான்சன் வீட்டுது என்றார்கள். "வல விழுந்துச்சா?" விழுந்தது என்றார்கள். "அடுத்த மொறக்காரன் ஏன் அன்னிக்குத் தன் வலைய எறக்கல?" அவரே பதிலும் சொன்னார். "பாடு உட்டுப்போகலனு அவனுக்கே தெரிஞ்சிக்குது. அன்னிக்கு ஒத்துக்கிட்டதை இன்னிக்கு இன்னாத்துக்கு இல்லன்றீங்க? பெலிக்ஸ் பேரும் இருக்கட்டும், இந்தம்மா பேரும் இருக்கட்டும்."

அடுத்த வாரம் வரிசைக்குச் சீட்டு எடுத்தார்கள். ஆண்களின் பெயர்களுக்கு நடுவே, கணீரென்று ஒரு பெயர்: ஜெசிந்தா! என் மகள் பெனிட்டா என் புடவையை இழுத்து, "அம்மா, உன்னத்தான் கூப்புடறாங்க"ன்னாள். ஆமாம் கண்ணே, என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்!

பெலிக்ஸ், ஜெஸ்ஸி! ஒருத்தருக்காக ஒருத்தர் நின்ற இந்தக் குடும்பத்தில் நீங்களும் அப்படியே நின்று, நிறைந்து, நீடு வாழுங்கள். வாய்ப்புத் தந்த தலைவர் அவர்களுக்கும், விருந்து தந்த பரீதா அக்காவுக்கும், விசில் தந்த ஜோயலுக்கும் என் நன்றி. யாரும் சாப்பிடாமல் போகக் கூடாது. நான் மட்டும் இப்போதே வீட்டுக்குக் கிளம்புகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். படகைத் தயார் பண்ண வேண்டும். மாப்பிள்ளை நாளைக்கு நன்றாகத் தூங்கட்டும்.

விடிந்தால் என் பாடு. வணக்கம்!