பன்னிரண்டாவது துவக்கின் அட்டை

இல்லைப் பிள்ளை, ஒழுங்கை மாத்தக்கூடாது. அநியாயம் அஞ்சு. நான் நம்பர் போட்டு வைச்சிருக்கிறன். நீங்கள் உள்ளுக்கு விசாரணையில இங்கிலீசில சொல்லேக்கையும் அதே ஒழுங்கிலதான் சொல்லவேணும். ஒண்டைத் தூக்கி முன்னுக்கு வைச்சியளெண்டால் கொம்பனி லோயர் அந்த இடைவெளிக்குள்ளால பூந்திடுவான்.

ஓம் ஓம், தெரியும். நீங்கள் மொழிபெயர்க்க வந்தனீங்கள், ஒரு பக்கமும் சாயக்கூடாது. நான் சாயச் சொல்லேல்லை. சொன்னதைச் சொன்னாக் காணும். நான் சச்சிதானந்தன், தொழிற்சங்கத்து ஆள். வைதேகி எண்டனீங்கள் என்ன? மெட்ராஸோ? நல்லது. உங்கட ஊரில துப்பாக்கி எண்டுவியள், நாங்கள் துவக்கு. எது சொன்னாலும் வெடிக்கேக்க தோளில விழுற உதை ஒண்டுதான்.

எனக்கு இங்கிலீஸ் தெரியாதெண்டு நினைக்காதேங்கோ. பள்ளிக்கூடம் எட்டோட முடிஞ்சுது, மிச்சப் படிப்பு முழுக்கத் துண்டுப்பிரசுரம். கொழும்புத் துறைமுகத்தில ரெண்டு வேலைநிறுத்தம், ஒருக்கா மறியல், உங்கட ஊரில ஜெயில். ஆனால் கோவம் வந்தால் என்ர இங்கிலீஸ் எழும்பி வெளியில போயிடும். அதுதான் உங்களைக் கேட்டனான்.

எழுதுங்கோ. ஒண்டு. எழுபத்தி நாலாம் ஆண்டு. இந்த வெள்ளைக்கார நாட்டில, ஃபுட்ஸ்கிரேயில எங்கட கொம்பனி நூறு வருசத்துக்கு முந்தின துவக்கை அச்சு அசலாச் செய்து விக்குது. ஒரு வெடி வைச்சால், திறந்து திரும்ப ஒரு தோட்டாப் போடவேணும். ஆர் வாங்கிறதோ? ஞாயிற்றுக்கிழமையில பழைய காலத்துத் தொப்பி போட்டுக்கொண்டு சுடுற பெரிய மனிசர். அசல் எண்டால் எல்லாம் அசல். பிடங்கு, அதுதான் தோளில முட்டுக் குடுக்கிற பக்கம், அதில வளைஞ்ச இரும்புத் தகடு. ரப்பர் வைச்சுத் தாங்கோ எண்டு கேட்டம். அந்தக் காலத்துப் பட்டாளத்துக்கு ரப்பர் இருக்கேல்லை எண்டான் மனேச்சர். அந்தக் காலத்துப் பட்டாளம் சண்டைக்குத்தானே சுட்டது, நாள் முழுக்கச் சம்பளத்துக்குச் சுடேல்லையே எண்டன்.

ரெண்டு. காதுக்கு அடைப்பான் கேட்டம். பஞ்சு தந்தவை. அதுவும் பெட்டி அடுக்கிற பக்கிங் பகுதியில மிஞ்சின பஞ்சு.

மூண்டு. ஒவ்வொரு துவக்கும் பெட்டிக்குள்ள போகேக்க ஒரு அட்டையும் போகும். நூறு கெசத் தூரத்தில அஞ்சு வெடி வைச்ச அட்டை, அஞ்சு ஓட்டை. வாங்கிறவனுக்கு அதுதான் பெருமை, என்ர துவக்கு எவ்வளவு நேராச் சுடுது எண்டு காட்டித் திரிவான். அட்டையில துவக்கின்ர நம்பர், தேதி, சுட்டவரின்ர பேர். எல்லாத்திலயும் முதலாளியின்ர மச்சானின்ர பேர் அச்சடிச்சுக் கிடக்கும். அந்தாள் சோடாப் போத்தில் உடைக்கிற சத்தத்துக்கே கண்ணைப் பொத்துற மனிசன். சுட்டது அந்தா, எதிர்ச் சுவரோட கிடக்கிற வாங்கில குந்தியிருக்கிறவர். வலக்கையைப் பார்சல் மாதிரி மடியில வைச்சிருக்கிறாரே, அவர்தான் மகேந்திரராஜா, நாங்கள் மகேந்திரன் எண்டுவம். பக்கத்தில அவற்ற மனிசி யோகராணி. மெல்லமாக் கதைப்பம்.

கை தோளுக்கு மேல எழும்பாது, பிள்ளை. சேட்டுப் போடுறதெண்டாலும் யோகராணிதான் போட்டுவிடவேணும். தோள்மூட்டில நரம்பு நசிஞ்சு போச்செண்டு டொக்டர் எழுதித் தந்திருக்கிறார். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு துவக்கு, துவக்குக்கு அஞ்சு வெடி. அறுபது உதை. நாலரை வருசம். நட்டஈடு கேட்டு இண்டைக்கு விசாரணை.

நாலு. இப்பதான் கொம்பனிக்காரர் சொல்லுகினம், மகேந்திரன் ஒண்டரை வருசந்தான் சுட்டவராம். பிறகு எல்லாம் மெசின் சுட்டதாம். இரும்புச் சட்டத்தில துவக்கை இறுக்கிப் பூட்டி, கயிறால விசையை இழுக்கிற மெசின். தோளே தேவையில்லை.

மெசின் வந்ததோ? வந்தது. பொய் சொல்லக்கூடாது. எழுபத்தி ஆறு மார்ச்சில வந்தது. ஆனால் உதை எங்கயாவது போகத்தானே வேணும்? மனிசன் எண்டால் பின்னால சரிஞ்சு குடுப்பான். மெசின் சரியேல்லை. துவக்கின்ர மரக்கட்டை கழுத்தடியில வெடிச்சுது. முதல் நாள் ஒண்டு, அடுத்த நாள் ரெண்டு. அதோட மெசினுக்குப் படங்குச் சீலை போட்டு மூடியாச்சு. வேலையாக்களை மேய்க்கிற போமன் அதுக்கு மேல சாப்பாட்டுப் பெட்டி வைக்கிறவன். மரத்தை விடத் தோள் நல்லாத் தாங்கும் எண்டு மகேந்திரனைத் திரும்பக் கூப்பிட்டினம்.

அத்தாட்சியோ? இருக்கு, இந்தாங்கோ. துவக்கு வாங்கின ஆக்களின்ர கிளப் கிளப்பாப் போய்க் கேட்டுச் சேர்த்த அட்டையள், நாப்பத்தி மூண்டு. இந்த ரெண்டையும் பாருங்கோ. ஒரே நாள், எழுபத்தி ஏழு ஒக்டோபர். இது அண்டைக்கு முதலாவது துவக்கு. அஞ்சு ஓட்டையையும் ஒரு பிஸ்கட்டால மூடலாம். இது பன்னிரண்டாவது. மூட ஒரு சாப்பாட்டுத் தட்டு வேணும், என்ன? எல்லாம் கீழயும் வலப்பக்கமும் இழுபட்டுக் கிடக்கு. உதை வரப்போகுதெண்டு தோள் முதலே கூசுது. விசையை இழுக்கிற நேரத்தில உடம்பு ஒருக்காத் துள்ளும், துவக்கு குனியும். அடுத்த நாள் விடிய முதலாவது அட்டையைப் பாருங்கோ. திரும்பப் பிஸ்கட். திங்கக்கிழமை நல்லாச் சுடும், வெள்ளிக்கிழமை சிதறும். மெசினுக்குத் திங்கள் வெள்ளி தெரியுமோ? மெசின் கூசுமோ?

சிரிக்கிறியள். நல்லது. உள்ளுக்கயும் இந்த இடத்தில கொஞ்சம் நிப்பாட்டிச் சொல்லுங்கோ.

அஞ்சாவதோ? வாறன். பொறுங்கோ.

கொம்பனிக்காரரிட்ட ஒரு கடதாசி இருக்கு. எழுபத்தி ஆறு மார்ச்சில வேலைத்தலத்தில குடுபட்ட துண்டுப்பிரசுரம். அவையின்ர லோயர் அதை முதல் அத்தாட்சியாக் குடுத்திருக்கிறான். தொழிலாளரே ஒப்புக்கொண்ட உண்மை எண்டு. நான் கொப்பி வைச்சிருக்கிறன். தலைப்பு, வெற்றி. கீழ, இண்டையிலயிருந்து மெசின்தான் சுடும், இனி எந்தத் தொழிலாளியின்ர தோளும் உதை வாங்காது. நல்ல வசனம். இத்தாலிக்காரருக்கு, கிரேக்கருக்கு, யூகோசிலாவியருக்கு எண்டு மொழிபெயர்த்துக் குடுத்தது. எல்லாரும் கை தட்டினவை.

குடுத்தது மெசின் வந்து இறங்கின அண்டைக்கு. பெட்டியே உடைக்கேல்லை. ஏனோ? கொழும்பில படிச்ச பாடம் அது, பிள்ளை. முதலாளி ஓம் எண்ட உடன அச்சில போட்டிடவேணும். அச்சில வந்திட்டால் அவன் பின்வாங்கேலாது. அங்க அது ரெண்டு தரம் சரிவந்தது.

பிறகு திருத்திப் போடலாம்தானே எண்டு கேக்கிறியள். போட்டிருக்கலாம். கட்டை வெடிச்ச அண்டைக்கே போட்டிருக்கலாம். ரெண்டு கிழமையில சங்கத் தேர்தல் இருந்தது. பிறகு தேர்தல் முடிஞ்சுது. முப்பது வருசமா அச்சில போட்ட ஒரு சொல்லையும் திருப்பி எடுக்காத ஆள் எண்டு ஒரு பேர் வேற இருந்தது. மகேந்திரன் வந்து கேட்டவர், உந்தக் கடதாசியில பிழையெல்லோ எண்டு. கொஞ்சம் பொறும் எண்டு மறுமொழி குடுபட்டது. அவர் நல்ல மனிசன், மூண்டு வருசம் பொறுத்தார். அந்த மூண்டு வருசமும் தோளிலதான் பொறுத்தவர்.

அதில பேர் இல்லை. பாருங்கோ, தொழிலாளர் குழு எண்டு மட்டும்தான் கிடக்கு. பேர் போட்டால் அடுத்த நாள் வேலை போயிடும், அதால நாங்கள் போடுறேல்லை. குழுவில ஏழு பேர். எழுதினது ஆரெண்டு மகேந்திரனுக்கு இண்டு வரைக்கும் தெரியாது. மொழிபெயர்த்தவையில ஒருத்தன் எழுதினதெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார். எழுதின ஆள் எழும்பி, நான் காணாததைக் கண்டதெண்டு எழுதினனான், அது பொய் எண்டு சொன்னால்தான் அந்தக் கடதாசி செத்துப்போகும். அட்டையள் பிழைக்கும். குழு சொன்னாக் காணாது, ஆள் வேணும் எண்டு எங்கட லோயர் சொல்லிப்போட்டார்.

விசாரணை அறைச் சேவகன் கதவு திறக்கிறான். அஞ்சு நிமிசமாம்.

அஞ்சாவது அநியாயத்தை உள்ளுக்குப் போய்ச் சொல்ல முதல் இஞ்ச சொல்லவேணும். சாட்சிக்கு ரெண்டு பேர் வேணும். மகேந்திரன், ஒருக்கா இஞ்சால வாரும். யோகராணி, நீங்களும் வாங்கோ பிள்ளை. இல்லை, நீர் கதிரையில இரும், நான் நிண்டு வாசிக்கிறன். பழைய கடதாசிதான், உமக்குத் தெரியும். அடியில ஒரு வரி காலமை பேனையால எழுதினனான். வைதேகி, இதையும் இதே மாதிரிச் சொல்லுங்கோ, கூட்டாமல் குறைக்காமல்.

வெற்றி. இண்டையிலயிருந்து மெசின்தான் சுடும். இனி எந்தத் தொழிலாளியின்ர தோளும் உதை வாங்காது. இது பொய். பொய் எண்டு மூண்டாம் நாளே தெரிஞ்சும் பேசாமல் இருந்தவர், இதை எழுதினவர், கந்தையா சச்சிதானந்தன்.