இரண்டு ஜோடி ட்வீட்டர், ஒரு மரக்கதவு

பழைய ட்வீட்டர் வாங்கப் போனால், தயவுசெய்து நடுவில் இருக்கும் குமிழை விரலால் அழுத்திப் பார்க்காதீர்கள். தக்காளி பழுத்திருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். பட்டுத் துணியில் செய்த குமிழ் அது. ஒரு தடவை குழிந்தால் குழிந்ததுதான். என் கடைக்கு வந்த அன்று உங்கள் ஆள் ஒருவரும் அழுத்திப் பார்த்தார். அன்று இருந்த நிலையில் சொல்ல வாய் வரவில்லை. இன்று நானாக உங்களைத் தேடி வந்தது அதைச் சொல்லத்தான் என்றுகூட வைத்துக்கொள்ளலாம், ஐயா.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். உடைப்புக்குப் போகும் கார்களிலிருந்து ஸ்பீக்கர்களைக் கழற்றி வாங்கி, சரிபார்த்து விற்பது. அதில் ட்வீட்டர்தான் என் பேர் சொல்லும் சரக்கு. பார்க்க சோடா மூடி அளவுதான். ஆனால் ஒரு பாட்டின் கூர்மை முழுக்க அதில்தான் இருக்கிறது: மணி, தாளத்தட்டு, பாடுகிறவர் மூச்சு இழுக்கும் காற்று. கனமான சத்தங்கள் வூஃபர் என்கிற பெரிய ஸ்பீக்கரின் பாடு. இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்குப் பின்னால் ஒரு டெமோ ரூம் கட்டியிருந்தேன். ஒரு பழைய காரின் முன்பாதியை இருக்கை, டாஷ்போர்டு, கண்ணாடியோடு அப்படியே உள்ளே கொண்டுவந்து வைத்தேன். கண்ணாடியில் பட்டுத் திரும்பும் சத்தத்தைக் கேட்காமல் ட்வீட்டரை எடை போடவே முடியாது. சுவரெல்லாம் ஃபோம். கதவு நல்ல கனமான மரம், தன் எடையிலேயே வந்து மூடிக்கொள்ளும். உள்பக்கத்துக் கைப்பிடி வூஃபர் சத்தத்துக்கு அதிர்ந்து தொல்லை கொடுத்ததால் அதை நானே கழற்றிப் போட்டேன். மூடிக்கொண்டால் உள்ளேயிருந்து திறக்க வழியில்லை. அதனால் யார் உள்ளே போனாலும் கதவுக்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போவோம்.

வாடிக்கையாளர் இருக்கையில் உட்காருவார். டாஷ்போர்டில் துணி போட்டு மூடிய இரண்டு ஜோடி இருக்கும். நான் சுவிட்சை மாற்றி மாற்றித் தட்டுவேன். பிறகு எது நல்ல ஜோடி, எது எதற்காக நல்லது என்று சொல்வேன். நான் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. ஊரில் என் பெயர் பாதிப்பேருக்குத் தெரியாது. காதுக்காரர் என்றால்தான் தெரியும். இத்தனைக்கும் நான் பள்ளிக்கூடத்தில் எதிலும் தேறாதவன். வாழ்க்கையில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு பெயர்தான்.

ஒருநாள் சாவிக்கொத்து கையிலிருந்து தரையில் விழுந்தது. 'தொப்' என்று கேட்டது. கூடவே வரவேண்டிய 'கலீர்' வரவில்லை. குனிந்து எடுத்து, காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தேன். பருத்தி மூட்டையை ஆட்டுகிற மாதிரி இருந்தது. சமையல்காரனுக்கு நாக்கு போன கதைதான். யாரிடம் போய்ச் சொல்வது?

யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் என் மச்சினன் கண்டுபிடித்துவிட்டான். என் மனைவியின் ஒரே தம்பி, கடையில் என்கூடவே நிற்கிறவன். ஒருநாள் ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஏதோ கீச்சென்று கத்தியிருக்கிறது. வாடிக்கையாளர் காதைப் பொத்தினார். நான் சிரித்த முகமாக நின்றுகொண்டிருந்தேன். மச்சினன் என்னைப் பார்த்தான். மறுநாளிலிருந்து வாடிக்கையாளருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். முதல் ஜோடி நன்றாக இருந்தால் துடைக்கிற துணி அவன் வலது தோளில் இருக்கும். இரண்டாவது என்றால் இடது தோளில். அதைப் பார்த்து நான் தீர்ப்புச் சொல்வேன். இதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

அவன் நல்லவன், ஐயா. அதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் ஒருவனுடைய தோளைப் பார்த்துப் பார்த்தே பிழைப்பு நடத்துவது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. அவன் டீ குடிக்கப் போனால் எனக்கு வேர்க்கும். அவனுக்குக் காய்ச்சல் என்றால் கடையைச் சாத்திவிடுவேன். அவன் குரலை உயர்த்தியதே கிடையாது, ஆனாலும் நான் அவன் பிடியில்தான் இருந்தேன்.

அப்புறம் பல் டாக்டர் ஒருவர் தன் காரில் போட இரண்டு ஜோடியை ஒப்பிட்டுப் பார்க்க வந்தார். நடுவில் ஒயர் ஏதோ கழன்றிருக்கிறது என்று மச்சினன் டாஷ்போர்டுக்கு அடியில் குனிந்துவிட்டான். தோள் கண்ணில் படவில்லை. கொஞ்சம் பொறுத்திருக்கலாம். டாக்டர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், பெருமை யாரை விட்டது? "இரண்டாவது ஜோடிதான் சார். பட்டு மாதிரி இறங்குது பாருங்க, கொஞ்சம்கூட உறுத்தல் இல்ல" என்று ஆரம்பித்து நீளமாகப் பேசினேன்.

டாக்டர் தயங்கினார். "எனக்கு என்னவோ போர்வை போட்டு மூடின மாதிரி கேக்குதே."

மச்சினன் கையில் அறுந்த ஒயரோடு நிமிர்ந்தான். நான் புகழ்ந்துகொண்டிருந்த ஜோடி இணைப்பிலேயே இல்லை, வெறும் வூஃபர்தான் பாடிக்கொண்டிருந்தது. அவன் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "மாமா உங்க காதைச் சோதிக்கிறார் சார். எல்லார்கிட்டயும் இந்த விளையாட்டுதான்" என்றான். டாக்டர் சிரித்துவிட்டு முதல் ஜோடியை வாங்கிக்கொண்டு போனார்.

அவர் போனதும் மச்சினன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கேலிச் சிரிப்பு இல்லை, பாசமாகத்தான் சிரித்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"போதும் மாமா. அக்காகிட்ட சொல்லிடலாம். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரேன், நானே பக்குவமா சொல்றேன். காது டாக்டர்கிட்ட போய் ஒரு மெஷின் வச்சுக்கலாம்."

"எனக்கெதுக்குடா மெஷினு?"

"இதுல என்ன மாமா இருக்கு? காதுக்குள்ள ஒரு குட்டி ட்வீட்டர், அவ்வளவுதானே?"

நானும் சிரித்தேன். நகைச்சுவை நன்றாகத்தான் இருந்தது. ஊரே அதைச் சொல்லிச் சிரிக்கும் என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. காதுக்காரர் காதிலேயே ட்வீட்டர் வைத்துக்கொண்டாராம் என்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அதற்குள் டெமோ ரூமில் ஃபோம் பெயர்ந்து தொங்க ஆரம்பித்தது. ஒருநாள் மதியம் அவன் பசை டின்னோடு உள்ளே போனான். தலை கிறுகிறுக்க வைக்கும் பசை அது. காற்றோட்டமான இடத்தில் மட்டும் பயன்படுத்தவும் என்று டின்னிலேயே போட்டிருக்கும். கதவுக்குச் செங்கல் முட்டு இருந்தது. காற்றை வெளியே தள்ளும் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, அதன் சுவிட்ச் வெளியே என் மேஜைக்குப் பக்கத்தில். அவன் போன் என் மேஜையில் சார்ஜில் கிடந்தது.

நான் இரண்டு ஜோடியை மேஜையில் வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்று வாக்குமூலத்தில் உங்களிடம் சொன்னேன். அது உண்மை. ஃபேன் சத்தம் இடைஞ்சலாக இருந்ததால் நிறுத்தினேன் என்றும் சொன்னேன். அதுவும் உண்மை. செங்கல் தானாக நழுவியிருக்கும் என்று நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான். செங்கல்லைக் காலால் தள்ளியது நான். அவன் ஃபோமைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றிருந்தான். கொஞ்ச நேரம் உள்ளே இருக்கட்டும், அக்காவிடம் வாய் திறக்க மாட்டேன் என்று சொல்லட்டும், திறந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். இதைப் பல தடவை எனக்கே சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனால் அப்படி ஒரு வார்த்தையை நான் அவனிடம் கேட்கவே இல்லை.

விசாரணையில் நீங்கள் என்னைக் காது பரிசோதனைக்கு அனுப்பினீர்கள். உயரமான சத்தங்கள் எனக்கு அறவே கேட்கவில்லை என்று டாக்டர் சொன்னார். யாருக்கும் தெரியக்கூடாது என்று எதைப் பொத்திப் பொத்தி வைத்தேனோ அதுவே என்னைக் காப்பாற்றியது. செவிக் குறையால் கூப்பிட்டது கேட்கவில்லை, விபத்து என்று எழுதி முடித்தீர்கள். ஊரில் எல்லாரும் பாவம் என்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்புக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன் என்று நினைக்கும்போது கொஞ்சம் அசிங்கமாக இருந்தது.

நீங்கள் எழுதியது தப்பு, ஐயா. தொழில்முறையில் தப்பு. அவன் கத்தியது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, ஃபோம் பாதியைத் தின்றுவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மரக்கதவில் விழும் கை ட்வீட்டர் சமாச்சாரம் இல்லை. அது வூஃபர். அந்தப் பகுதியில் என் காது இருபது வயதுப் பையன் காது மாதிரி இருக்கிறது, அந்த டாக்டரையே கேட்டுப் பாருங்கள்.

முதலில் விளையாட்டாகத்தான் தட்டினான். டக்-டக், ஒரு இடைவெளி, மறுபடி ஒரு டக். வீட்டுக்கு வந்தால் அப்படித்தான் தட்டுவான். பிறகு உள்ளங்கையால். பிறகு முட்டியால். அப்புறம் உதைத்தான். நடுவில் அவன் போன் அடித்தது, திரையில் 'அக்கா' என்று வந்தது. நான் எடுத்தேன். "தம்பி சாப்பிட்டானா?" என்று கேட்டாள் என்று நினைக்கிறேன், அவள் குரல் மெல்லிசு, எனக்கு அரைகுறையாகத்தான் விழும். "வேலையா இருக்கான், அப்புறம் சாப்பிடுவான்" என்றேன். அப்போது தட்டுவது தாழ்ந்து போயிருந்தது. கதவின் அடிப்பக்கத்திலிருந்து வந்தது. அதுவும் தெளிவாகக் கேட்டது. நான் போனை வைத்துவிட்டு இரண்டு ஜோடியையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

மனசாட்சி உறுத்தி வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்தளவுக்கு நான் பெரிய மனுஷன் இல்லை. வீட்டில் இருக்க முடியவில்லை, அதுதான் காரணம்.

என் மனைவி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "உங்களுக்குக் கேக்கலன்னா நீங்க என்ன பண்ணுவீங்க? எங்கிட்ட ஏங்க மறைச்சீங்க?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தம்பியைப் பறிகொடுத்தவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். உங்கள் குரல் அவருக்கு எட்டாது, மரத்தில் தட்டிக் கூப்பிடுங்கள், அது கேட்கும் என்று காது டாக்டர் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். சாப்பிடக் கூப்பிட மேஜையில் தட்டுகிறாள். குளியலறைக் கதவில் தட்டுகிறாள். காலையில் எழுப்பக் கட்டிலின் தலைமாட்டில் தட்டுகிறாள். மெதுவாக, அன்பாகத்தான் தட்டுகிறாள். டக்-டக், ஒரு இடைவெளி, மறுபடி ஒரு டக். சின்ன வயதில் அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் நின்று அப்படித்தான் கதவைத் தட்டி விளையாடுவார்களாம். அவளே சொன்னாள். அவளுக்கு வேறு மாதிரி தட்டத் தெரியாது.

தட்டாதே என்று சொல்ல முடியவில்லை. ஏன் என்று கேட்பாளே. மெஷின் வாங்கிக்கொள்ளலாம் என்று பார்த்தேன். வைத்துக்கொண்டால் தட்டுவது இன்னும் நன்றாகக் கேட்கும்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். எனக்குக் கேட்டது. முதலிலிருந்து கடைசிவரை எல்லாம் கேட்டது. திறக்க வேண்டாம் என்று முடிவு செய்துதான் உட்கார்ந்திருந்தேன். அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

எந்த அறையில் போட்டாலும் சம்மதம். கதவு மட்டும் இரும்பாக இருந்தால் நல்லது. இரும்பில் யாராவது தட்டினால் சத்தம் கொஞ்சம் உயரம் போகும், எனக்குப் பாதிதான் கேட்கும்.