காசியில் விட்ட கத்தரிக்காய்

— நான் ஒராள்தானே சாப்பிடுறன், கமலம். ஏன் ரெண்டு இலை போட்டிருக்கிறீர்?

— கிடக்கட்டும், அத்தான். ஆரும் வந்தாலும் வருவினம். இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ?

— போதும். போக அஞ்சு நாள், வர அஞ்சு நாள். ரயிலில காய்ஞ்ச வயிறு... மெல்லத்தான் பழகவேணும். அந்தக் குழம்பில மட்டும் இன்னொரு அகப்பை விடும்.

— ரயிலில சோறு தரமாட்டாங்களோ?

— மதராசுக்கு அங்கால சோறே கண்ணில காட்டமாட்டாங்கள். ரொட்டியும் உருளைக்கிழங்கும்தான். தேத்தண்ணி மண் கோப்பையில. குடிச்சுப்போட்டுக் கோப்பையை எறியிறதாம். நான் ஒவ்வொரு ஸ்ரேசனிலயும் ரெண்டு கோப்பை வாங்கினனான்.

— ஒராளுக்கு ரெண்டு கோப்பையோ?

— ...குளிர், பிள்ளை.

— சரி, அக்காவின்ர சாம்பலைக் கங்கையில கரைச்ச கதையைச் சொல்லுங்கோ. முள்ளியவளையில அம்மா அதைக் கேக்கத்தான் உயிரைப் பிடிச்சுக்கொண்டு கிடக்கிறா.

— சொல்லுறன், சொல்லுறன். முதல்ல தலைமன்னாரில கப்பல் ஏறினதைக் கேளும்...

— அதை நேற்று வந்த உடனேயே சொல்லிப்போட்டியள்.

— கிருஷ்ணா ஆற்றுப் பாலம் சொன்னனானோ? ரயில் போகுது, போகுது... பாலம் முடியுதில்லை. எங்கட இரணைமடுக் குளம் அதுக்குக் கிட்ட நிக்காது. பிறகு கோதுமை வயல். ஒரு பகல் முழுக்க அதுதான். ராசேஸ் வாயைப் பிளந்துகொண்டு பாத்திருப்பா.

— பாவம், அக்கா ரயில் ஏறினது ஆனையிறவு மட்டுந்தானே. யாழ்தேவி கூவினால் அடுப்பில கறியை விட்டிட்டு வேலியடிக்கு ஓடுவா.

— ஓம்... கறி அடிப்பிடிச்சிடும். நான்தான் விறகைக் கூடத் தள்ளினனான் எண்டு என்னில பழி போடுவா.

— உங்களுக்கு யன்னல்கரை கிடைச்சதோ?

— கிடைச்சது. நான் இருக்கேல்லை.

— பின்னை ஆர் இருந்தது?

— ...சாமான் வைச்சனான்.

— சாமானுக்கோ யன்னல்கரை?

— நீர் என்ன, கோட்டில விசாரிக்கிற மாதிரி? மூண்டு நாள் தமிழ் கதைக்க ஒரு சனமில்லை, கமலம். என்ர பேரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. பெட்டி நிறையச் சனம், நான் மட்டும் தனிய... அது உமக்கு விளங்காது.

— விளங்கும், அத்தான். நீங்கள் போன நாள் தொடக்கம் இந்த வீட்டுக்கு நான்தான் விளக்கு வைச்சனான். கொளுத்திப்போட்டு ஒருத்தரோடயும் கதைக்காமல் திரும்பிப் போவன். அதை விடுங்கோ. காசிக்குப் போனால் விருப்பமான காய் ஒண்டும் பழம் ஒண்டும் விடவேணுமே. பிறகு சாகுமட்டும் வாயில வைக்கேலாது. நீங்கள் என்னத்தை விட்டனீங்கள்?

— அதுவோ... மாம்பழம்.

— காய்?

— காய்... கத்தரிக்காய்.

— கத்தரிக்காயோ?

— ஓம். படித்துறையில ஐயர் கேட்டார். சட்டெண்டு அதுதான் வாயில வந்தது.

— அத்தான், இப்ப நீங்கள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு. எழும்பாதேங்கோ. சாப்பாட்டில கோவிச்சு என்ன? உள்ளதைச் சொல்லுங்கோ.

— கங்கைக்குப் போனனான், கமலம். அது பொய்யில்லை. இடுப்பளவு தண்ணியில இறங்கினனான். சாம்பல் செம்பைச் சரியுங்கோ எண்டு ஐயர் சொன்னார். கை... சரிக்கேல்லை. வழிநெடுக அவவோட கதைச்சுக்கொண்டு போனனான், பிள்ளை. யன்னல்கரையில வைச்சு எல்லாம் காட்டினனான். அவவுக்கும் ஒரு தேத்தண்ணி வாங்கினனான். அங்க விட்டிட்டு, திரும்ப அஞ்சு நாள் அந்த ரயிலில நான் எப்பிடித் தனிய வாறது? விருப்பமானதை விடு எண்டு சொல்லுறாங்கள். எனக்கு வேற என்ன விருப்பம் கிடக்கு? அவ என்ர தகரப்பெட்டிக்குள்ளதான் இருக்கிறா. மாமியின்ர முகத்தைப் பாத்து நான் என்னத்தைச் சொல்லுறது?

— நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம். கரைச்சாச்செண்டு காலமையே அம்மாவுக்கு ஆள் விட்டுச் சொல்லிப்போட்டன்.

— காலமையோ? அப்ப உமக்கு...

— விடிய உங்கட வேட்டி துவைக்கப் பெட்டியைத் திறந்தனான், அத்தான். அந்த மற்ற இலை அக்காவுக்குத்தான் போட்டது.